விதைக்கிறவன் உவமை: பாதையிலும் பாறையிலும் விதைத்தவன் என்ன விவசாயி?

ஞாயிறுபள்ளி_அக்கா, பெரம்பூர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன், ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகள். வருகிற வாரம் மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிற விதைக்கிறவன் உவமை: வழியருகே விழுந்த விதையைப் பறவைகள் தின்கின்றன, பாறையில் விழுந்தது சீக்கிரம் முளைத்துக் காய்ந்துபோகிறது, முள்ளுக்குள் விழுந்ததை முள் நெருக்கிவிடுகிறது, நல்ல நிலத்தில் விழுந்தது பலன் தருகிறது. பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று இப்போதே தெரியும்: வழியில், பாறையில், முள்ளுக்குள் எல்லாம் விதையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவன் விவசாயம் தெரிந்தவனா? பெரம்பூரில் வளர்கிற பிள்ளைகள், வயலை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் வரிசையாக நாற்று நட்ட வயல்.

விசாரித்ததில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு பிரசங்கியார், கடவுள் கணக்குப் பார்க்காமல் அள்ளி வீசுகிறவர், அதைக் காட்டத்தான் அப்படி ஒரு ஊதாரி விவசாயி என்றார். யூடியூபில் ஒருவர், அந்த நாட்டில் முதலில் விதைத்துவிட்டு அப்புறம்தான் உழுவார்கள், அதனால் அவன் செய்ததில் தப்பே இல்லை என்கிறார். செங்கல்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருக்கிற எங்கள் பெரியப்பாவோ, உழாமல் விதைக்கிறவன் உலகத்திலேயே கிடையாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

கூடவே நல்ல நிலத்து விதை முப்பது, அறுபது, நூறு மடங்கு பலன் தந்தது என்ற கணக்கு. அது அற்புதமா, நிஜமாகவே விளையக்கூடியதா?

தயவுசெய்து யாரும் பிரசங்கம் பண்ண வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிடுகிறது. முதல் நூற்றாண்டுக் கலிலேயாவில் ஏரிக்கரையில் நின்று கேட்ட ஒரு விவசாயிக்கு இந்தக் கதை எப்படிப் பட்டிருக்கும் என்பதுதான் எனக்கு வேண்டும்.

மானாவாரி_முத்து, அம்பத்தூர்

அக்கா, உங்கள் பெரியப்பா ஏரிப் பாசனக்காரர். நாற்றங்கால் விட்டு, சேறடித்து, நடவு நட்டே பழகியவருக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், முழுக்க வானம் பார்த்த பூமி. எங்கள் ஆட்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், இதில் விசித்திரம் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் பக்கம் நெல்லுக்குப் புழுதி விதைப்பு. கோடை மழை பெய்தால் ஒரு உழவு ஓட்டி நிலத்தைப் புழுதியாக்கி வைத்துக்கொள்வோம். அப்புறம் ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்னாலேயே, காய்ந்த மண்ணில் விதையைக் கையால் வீசி விதைத்துவிட்டு அதன்மேல் மேலாக இன்னொரு உழவு ஓட்டி மூடிவிட வேண்டும். முன்பு நாட்டுக் கலப்பை, இப்போது டிராக்டர். அதாவது விதைப்புக்கு முன்னாலும் உழவு உண்டு, பின்னாலும் உழவு உண்டு. உங்கள் பெரியப்பா முதல் உழவைப் பிடித்துக்கொண்டார், யூடியூப்காரர் இரண்டாவது உழவைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பாதை விஷயத்துக்கு வருகிறேன். மானாவாரி நிலம் அறுப்பு முடிந்து அடுத்த விதைப்பு வரை சும்மா கிடக்கும். ஆடு மாடு மேயும், கண்மாய்க்குப் போகிறவன், பக்கத்து ஊருக்குப் போகிறவன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எல்லாம் குறுக்கே நடந்து நடந்து நிலத்துக்கு நடுவே ஓர் ஒத்தையடிப் பாதை விழுந்துவிடும். அங்கே மண் இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். கையால் வீசி விதைக்கிறவன் அந்த ஒரு முழ அகலத்தை மட்டும் விட்டுவிட்டு வீச முடியாது. முடிந்தாலும் யாரும் அதற்காக நின்று நிதானிக்க மாட்டார்கள். அங்கே விழுந்ததை, மூடுகிற உழவு வந்து சேருவதற்குள் மைனாவும் புறாவும் காக்கையும் தின்றுவிட்டுப் போகும். உங்கள் கதையில் வருகிற பறவைகள் எனக்கு நன்றாகவே தெரிந்த பறவைகள்.

முள் என்றால் எங்களுக்குச் சீமைக் கருவேலம். வெட்டலாம், எரிக்கலாம், உழலாம், வேர் உள்ளே உட்கார்ந்திருக்கும். மழை வந்ததும் பயிரோடு சேர்ந்து அதுவும் எழும்பும். விதைக்கிற அன்றைக்கு நிலம் சுத்தமாகத்தான் தெரியும்.

எனக்குப் பைபிள் தெரியாது, ஆனால் அந்த ஆள் ஊதாரி இல்லை.

மின்சாரரயில்_பயணி, தாம்பரம்

பாதையில் விதைத்தவனைக் கேள்வி கேட்கிறீர்கள், நம் ஊரில் தார் ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு அதன்மேல் லாரியும் போகிறது. அவனையும் யாராவது உவமையில் சேர்த்துவிடுங்கள்.

கீழ்ப்பாக்கம்_வாசகன்

முத்து அவர்கள் நான்கு பத்தியில் முடித்துவிட்ட விஷயத்துக்கு ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் சொன்னவர் கருத்துக்கு வேர் குஸ்தாப் டால்மன் என்ற ஜெர்மானிய அறிஞர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் இருந்துகொண்டு பாலஸ்தீனக் கிராமங்களின் உழவு, அறுப்பு, போரடிப்பு எல்லாவற்றையும் நேரில் பார்த்து எழுதியவர். அவருக்குப் பின் யோவாக்கிம் எரேமியாஸ் 1947-ல் வெளியிட்ட உவமைகள் பற்றிய நூலில் இதைப் பிரபலமாக்கினார்: பாலஸ்தீனத்தில் விதைப்பு முதலில், உழவு பிறகு, ஆகவே பாதையும் முள்ளும் எப்படியும் உழப்படப் போகிற இடங்கள்தான் என்று. 1964-ல் ரோமானிய விவசாய வரலாற்றில் தேர்ந்த கே. டி. வைட், இது சரியில்லை, அந்தக் கால விவசாய நூல்கள் எல்லாம் விதைப்புக்கு முன் பலமுறை உழச் சொல்கின்றன என்று மறுத்து எழுதினார். எரேமியாஸ் 1966-ல் பதில் கொடுத்தார். அப்போதிலிருந்து இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள்.

விதைப்பு முதலில் என்பதற்கு நல்ல சாட்சிகள் உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, ஓய்வுநாளில் செய்யக்கூடாத 39 வேலைகளை வரிசைப்படுத்துகிறது. அதில் விதைத்தல் முதலில், உழுதல் அடுத்தது. மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த பிற்காலத் தல்மூத், உழுதல்தானே முதலில் வர வேண்டும் என்று உங்கள் பெரியப்பா மாதிரியே கேட்டுவிட்டு, இதைச் சொன்னவர் இஸ்ரவேல் நாட்டில் இருந்து சொல்கிறார், அங்கே முதலில் விதைத்து அப்புறம் உழுவார்கள் என்று தானே பதிலும் சொல்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த உரையாசிரியர் ராஷி, அந்த நாட்டு மண் கடினமானது, உழாமல் விதையை மூட முடியாது என்று விளக்கம் தருகிறார். முத்துவின் இரண்டாவது உழவு இதுதான்.

எனக்கு இன்னும் பிடித்த சாட்சி யூபிலி நூல். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூத நூல், சாக்கடல் சுருள்களிலும் அதன் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதில் சிறுவன் ஆபிராமின் (பிற்பாடு ஆபிரகாம்) காலத்தில், தீய ஆவிகளின் தலைவனான மஸ்தேமா என்பவன் காக்கைகளை அனுப்புகிறான், அவை விதை உழுது மூடப்படுவதற்கு முன்பே வந்து பொறுக்கித் தின்றுவிடுகின்றன, ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள். ஆபிராம் காக்கைகளைத் துரத்துகிறான். அதோடு நிற்காமல், கலப்பையிலேயே விதை இறங்குகிற மாதிரி ஒரு கருவி பொருத்தச் சொல்லித்தருகிறான், விதை நேராகக் கொழுமுனை கிழிக்கிற சாலில் விழுந்து மூடிக்கொள்கிறது, காக்கை பயம் போகிறது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பறவை விதையைத் தின்பதையும், உவமையின் விளக்கத்தில் வருகிற மாதிரி சாத்தான் வந்து வசனத்தை, அதாவது கடவுளுடைய வார்த்தையை, எடுத்துப்போடுவதையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் புதிதாக இருந்திருக்காது.

எதிர்ப் பக்கச் சாட்சி பைபிளிலேயே இருக்கிறது. ஏசாயா 28-ல் முதலில் உழுது, மண்கட்டி உடைத்து, நிரவி, அப்புறம் விதைக்கிறான். எரேமியா 4:3, தரிசு நிலத்தைப் பண்படுத்துங்கள், முள்ளுகளுக்குள் விதைக்காதீர்கள் என்கிறது. ஆக முன்னுழவும் இருந்தது, மூடுகிற உழவும் இருந்தது, நிலத்தைப் பொறுத்து, ஆளின் வசதியைப் பொறுத்து. என் அபிப்பிராயத்தில் இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும் உவமைக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் கதையில் கலப்பையே வரவில்லை.

பாதை பற்றி ஒன்று. மிஷ்னாவில், ஏழைகளுக்கு வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும் என்ற விதியைப் பேசும் இடத்தில், ஒரு வயலை இரண்டாகப் பிரிப்பது எது எது என்று ஒரு பட்டியல் வருகிறது: ஓடை, பெரிய பாதை, தனியார் பாதை, வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் நிலையாக இருக்கிற ஒத்தையடிப் பாதை. அப்படியானால் நிலையாக இல்லாத, வெயில் காலத்தில் மட்டும் விழுகிற பாதைகளும் இருந்தன. தல்மூத் இன்னும் தெளிவாக, இரண்டாவது மழை இறங்கும் வரை ஜனங்கள் வயல் பாதைகளில் நடந்துகொள்ளலாம் என்று ஒரு பழைய ஏற்பாட்டைச் சொல்கிறது. மாற்கு 2-ல் சீஷர்கள் விளைந்த பயிருக்குள்ளேயே கதிரைக் கொய்துகொண்டு நடந்து போகிறார்களே.

பாறை விஷயம் கொஞ்சம் வேறு. படத்தில் போடுகிற மாதிரி கல் கிடக்கிற இடம் என்று நினைக்காதீர்கள். கலிலேயாவின் மலைப்பகுதியில் சுண்ணாம்புப் பாறை, ஏரியைச் சுற்றிக் கருங்கல் மாதிரியான எரிமலைப் பாறை, கப்பர்நகூமின் பழைய வீடுகளே அந்தக் கருப்புக் கல்லில் கட்டியவைதான். பல இடங்களில் மேலே நாலு விரல் மண், அடியில் நேராகப் பாறை. விதைக்கிறவன் கண்ணுக்கு அது நல்ல நிலம்தான். ஆழமில்லாத மண் சீக்கிரம் சூடேறுவதால் அங்கே முளை முதலில் கிளம்பும், கதையிலும் சரியாக அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அந்த நாட்டில் மழை ஐப்பசி வாக்கில் தொடங்கிப் பங்குனி, சித்திரையோடு நின்றுவிடும், உபாகமம் 11-ல் முன்மாரி, பின்மாரி என்று வருவது இதுதான். அதற்கப்புறம் கோடை முழுக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது, பாலைவனத்திலிருந்து அனல் காற்று வேறு. வேர் கீழே இறங்க முடியாத பயிர் நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விதையில் முக்கால் பங்கு வீணானது என்று பிரசங்கங்களில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கதையில் அப்படி இல்லை. விழுந்த இடங்கள் நாலு, அவ்வளவுதான். எங்கே எத்தனை படி விழுந்தது என்று ஒரு கணக்கும் இல்லை. பாதையோரம் ஒரு பிடி, பாறைத் திட்டில் ஒரு பிடி, முள் மூலையில் ஒரு பிடி, மிச்சமெல்லாம் வயலில் என்று எடுத்துக்கொண்டால் எந்த ஊர் விவசாயிக்கும் அது சாதாரண வருஷம்தான்.

நிலவரி, வியாசர்பாடி

எல்லோரும் மண்ணையே ஆராய்கிறீர்கள், அந்த மண் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இயேசு பேசிய காலத்தில் கலிலேயாவை ஆண்டவன் ஏரோது அந்திபா, கி.மு. 4 முதல் கி.பி. 39 வரை. செப்போரி நகரத்தைத் திரும்பக் கட்டினான். அது நாசரேத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். கி.பி. 20 வாக்கில் ஏரிக்கரையிலேயே திபேரியா என்று புது நகரமும் கட்டினான், பேரரசன் திபேரியு பெயரில். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? கலிலேயாவும், யோர்தானுக்குக் கிழக்கே இருந்த பெரேயாவும் சேர்ந்து வருஷத்துக்கு 200 தாலந்து அவனுக்குக் கட்டின என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜோசிபஸ்) எழுதியிருக்கிறார். இதே சுவிசேஷங்களில் குத்தகைக்காரர் கதை இருக்கிறது (மாற்கு 12), கூலிக்குச் சந்தையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் (மத்தேயு 20), கடனுக்காகப் பெண்டாட்டி பிள்ளையோடு விற்கப்பட இருந்தவன் இருக்கிறான் (மத்தேயு 18). கி.பி. 66-ல் எருசலேமில் கலகம் வெடித்தபோது கலகக்காரர்கள் கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் களஞ்சியத்தைக் கொளுத்தினார்கள். இதையும் யோசேப்புதான் சொல்கிறார்.

விளைச்சல் நாலு மடங்கோ ஐந்து மடங்கோ என்றால், அதில் ஒரு பங்கு அடுத்த வருஷ விதைக்கு. மீதியில் வரி, குத்தகை, தசமபாகம், கடனுக்கு வட்டி, கடைசியில்தான் வீட்டுக்குச் சோறு. விதை என்றால் என்ன மதிப்பு என்று நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். இளையான்குடி மாறநாயனார் நடு ராத்திரி மழையில் போய், அன்று விதைத்திருந்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்து அடியாருக்குச் சோறாக்கியதை இன்றும் சொல்கிறோம் என்றால், விதையைத் தொடுவது எப்பேர்ப்பட்ட கடைசிக் காரியம் என்பதால்தானே. அப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவே நின்று முப்பது, அறுபது, நூறு என்று ஒருவர் சொன்னால் அது ஆன்மிகக் கணக்கு மட்டுமா? கடனிலிருந்து தலை நிமிர்வது பற்றிய பேச்சு. இதைச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு இதயம் நாலு வகை என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் கதையின் பாதி போய்விடும்.

ஆவடி_எஸ்தர்

பிரதர், கர்த்தர் இந்த உவமைக்கு அர்த்தத்தை அவரே சொல்லியிருக்கிறார். விதை வசனம். இதில் வரியையும் கடனையும் எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்? அக்கா வரலாறு கேட்டார்கள் என்பது சரி, அதற்காக அரசியல் கூட்டம் ஆக்கிவிட வேண்டாம்.

நிலவரி, வியாசர்பாடி

சிஸ்டர், வசனம் என்று அர்த்தம் சொன்னதை நான் மறுக்கவில்லை. அது விளங்க வேண்டும் என்றால் முதலில் விதை என்றால் அந்த ஆட்களுக்கு என்ன என்று தெரிய வேண்டும் என்கிறேன். திங்கட்கிழமை வரி கட்டப் போகிறவன்தான் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கீழ்ப்பாக்கம்_வாசகன்

நிலவரி அவர்கள் சொன்ன பின்னணி உண்மைதான், ஆனால் அதை இந்தக் கதைக்குள் திணிக்கும்போது கொஞ்சம் கை நீண்டுவிடுகிறது. குத்தகைக்காரர் கதையில் நிலக்காரன் யார், பங்கு கேட்டு யார் வந்தார்கள் என்று தெளிவாக வருகிறது. விதைக்கிறவன் கதையில் அவன் சொந்தக்காரனா, குத்தகையாளா, கூலியாளா என்று ஒரு வார்த்தை இல்லை. கலிலேயா முழுக்கப் பஞ்சப் பரதேசிகள் என்றும் நினைக்க வேண்டாம். யோத்பாத், கம்லா இரண்டும் கி.பி. 67-ல் ரோமப் படை அழித்த ஊர்கள், அப்படியே புதைந்து கிடந்ததால் அகழாய்வுக்குப் பொக்கிஷம். இரண்டிலும் சுவரோவியம் தீட்டிய வீடுகள் கிடைத்திருக்கின்றன. யோசேப்பும் கலிலேயாவைச் செழிப்பான நாடு, ஒரு துண்டு நிலம்கூடத் தரிசில்லை என்று புகழ்கிறார், அவர் பேச்சில் பெருமை கொஞ்சம் கூடுதல்தான் என்றாலும். கடனும் இருந்தது, வசதியும் இருந்தது.

இப்போது அந்த நூறு மடங்கு. அக்கா கேட்டதில் எனக்கு ருசியான பகுதி இதுதான்.

அந்தக் கால ரோமானிய எழுத்தாளர்கள் விளைச்சலை விதைக்கு எத்தனை மடங்கு என்றுதான் சொல்வார்கள். முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா, இத்தாலியின் பெரும்பகுதியில் நாலு மடங்கு விளைந்த காலம் அரிதாகத்தான் நினைவில் இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார். சிசிலியின் நல்ல நிலத்துக்கு எட்டு மடங்கு, தெய்வம் கண் திறந்தால் பத்து என்பது சிசரோவின் கணக்கு. வாரோ இத்தாலியின் எத்ரூரியாவுக்குப் பத்து, பதினைந்து என்கிறார். ஆனால் இதே வாரோ, இயேசுவுக்கு முந்தைய தலைமுறைக்காரர், நூறு மடங்கு விளைகிற இடங்கள் என்று சிலவற்றைச் சொல்லும்போது அதில் சிரியாவின் கதராவையும் சேர்க்கிறார். கதரா எங்கே? கலிலேயா ஏரிக்குத் தென்கிழக்கே, அக்கரை. மாற்கு 5-ல் பன்றிக்கூட்டம் கடலில் பாய்கிறதே, கதரேனருடைய நாடு என்று நம் பைபிளில் போட்டிருக்கிறதே, அதே பெயர்தான். ஆக, நூறு மடங்கு என்பது அந்த வட்டாரத்தைப் பற்றி ரோம் வரைக்கும் போயிருந்த பேச்சு. வாரோ நேரில் அளந்து பார்த்தார் என்று நான் நம்பவில்லை, ஊர்ப் பெருமை கேட்டு எழுதியிருப்பார்.

மொத்த வயலுக்கும் சராசரியாக நூறு மடங்கு என்றால் அந்தக் காலத்தில் நடக்காது. ஆனால் ஒரு விதைக்கு என்றால் நடக்கும். கோதுமை நம் நெல் மாதிரியே தூர் கட்டும். ஒரு விதையிலிருந்து மூன்று நாலு கதிர், கதிருக்கு முப்பது மணி என்றாலே நூறைத் தொட்டுவிடும். வயல் சராசரி நாலு ஐந்துக்கு இறங்குவது பாதையும் பாறையும் முள்ளும் பறவையும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு. உவமை தனித்தனி விதையைப் பின்தொடர்கிறது, அதனால் அந்த எண்கள் இடிக்கவில்லை.

அற்புத விளைச்சல் என்றால் அந்தக் காலத்து ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எராப்போலி சபையின் கண்காணி (பிஷப்) பாப்பியா, வரப்போகிற ராஜ்யத்தில் ஒரு கோதுமை மணி 10,000 கதிர் விடும், ஒவ்வொரு கதிரிலும் 10,000 மணி இருக்கும் என்று இயேசு சொன்னதாக ஒரு வாய்மொழிச் செய்தியை எழுதி வைத்தார். அதன் பக்கத்தில் நூறு எவ்வளவு அடக்கமான எண் பாருங்கள். ஆதியாகமம் 26-ல் ஈசாக்கு பஞ்ச காலத்தில் விதைத்து நூறு மடங்கு அறுத்தான், கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று இருக்கிறது. கேட்டவர்களுக்கு அதுவும் ஞாபகம் வந்திருக்கும். ஆகவே என் பதில்: இயற்கைக்கு விரோதமான எண் இல்லை, தெய்வம் கொடுத்தது என்று ஒரு விவசாயி கையெடுத்துக் கும்பிடுகிற எண்.

சுவிசேஷங்களுக்குள்ளேயே இந்த எண்கள் மாறுவதையும் பாருங்கள். மாற்கு முப்பதில் தொடங்கி நூறுக்கு ஏறுகிறார், மத்தேயு நூறில் தொடங்கி முப்பதுக்கு இறங்குகிறார், லூக்கா நூறு மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிறுபள்ளி_அக்கா, பெரம்பூர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முத்து தம்பி, பெரியப்பாவிடம் புழுதி விதைப்பைச் சொன்னேன், ராம்நாட்டுக்காரன் தண்ணியில்லாமல் செய்கிற வேலை அது என்று முணுமுணுத்தார், மறுக்கவில்லை. நிலவரி அண்ணன் சொன்ன விதை, வரி, குத்தகை, சோறு என்ற பங்கீட்டைப் பலகையில் வரைந்து காட்டலாம் என்று இருக்கிறேன், பிள்ளைகளுக்குக் கணக்கு என்றால் பிடிபடும்.

இன்னொரு கேள்வி. எஸ்தர் சொன்ன மாதிரி விளக்கத்தையும் அவரே கொடுத்திருக்கிறார், மாற்கு 4:13 முதல். ஆனால் அந்த விளக்கம் பிற்பாடு சபை சேர்த்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்கு என்ன ஆதாரம்?

கீழ்ப்பாக்கம்_வாசகன்

இது சூடான இடம், இருந்தாலும் சொல்கிறேன். எஸ்தர் அம்மா கோபிக்கக் கூடாது.

அப்படிச் சொல்கிறவர்களில் எரேமியாஸ் முக்கியமானவர். விளக்கத்தில் இருக்கிற கவலைகள், வசனத்தினிமித்தம் உபத்திரவம், ஐசுவரியத்தின் மயக்கம், கொஞ்ச காலம் நின்று பின்வாங்குவது, இவை எல்லாம் சபைகள் உருவான பிறகு வருகிற பிரச்சினைகள் என்பது அவர்கள் வாதம். இரண்டாவது, 1945-ல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த சுவடிகளில் தோமாவின் பெயரில் ஒரு நூல் இருக்கிறது, இயேசு சொன்னவை என்று 114 வாக்கியங்கள். அதில் ஒன்பதாவது இந்த உவமை. விளக்கம் கிடையாது, கதை மட்டும். எண்களும் அறுபது, நூற்றிருபது என்று வேறு மாதிரி. நம் சாந்தோம் தோமாவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டு யாராவது இங்கே ஆரம்பித்துவிட வேண்டாம்.

எதிர்வாதமும் பலமானதுதான். ஒரு போதகர் கதை சொல்லி அதற்குத் தானே பொருள் பிரிப்பது யூத மரபில் புதிதல்ல. கேட்கிறவர்களை நாலு வகையாகப் பிரிப்பதும் அவர்கள் பழக்கம்தான். மிஷ்னாவின் பிதாக்கள் பகுதியில் நாலு வகைச் சீஷர்கள் வருகிறார்கள்: எல்லாவற்றையும் உறிஞ்சுகிற பஞ்சு, இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் விடுகிற புனல், ரசத்தை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிற வடிகட்டி, உமியை விட்டு மாவை வைத்துக்கொள்கிற சல்லடை. முதல் நூற்றாண்டுக் கடைசியில் எழுதப்பட்ட நாலாம் எஸ்றா என்ற யூத நூலிலும், விவசாயி விதைத்த எல்லா விதையும் பிழைப்பதில்லை, அதுபோல எல்லா மனிதரும் இரட்சிக்கப்படுவதில்லை என்று வருகிறது. அப்படி இருக்க, இயேசு மட்டும் இந்த மாதிரி விளக்கம் தந்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வகுப்புக்கு இது தேவையே இல்லை என்பேன். மாற்கின்படியே பார்த்தாலும், கரையில் நின்ற ஜனக்கூட்டத்துக்குக் கிடைத்தது கதை மட்டும்தான், காதுள்ளவன் கேட்கக்கடவன் என்பதோடு பேச்சு நிற்கிறது. விளக்கம் அப்புறம், அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் தனியாக இருக்கும்போது கேட்டதற்கு வந்தது. ஏரிக்கரை அனுபவம்தான் வேண்டும் என்றீர்களே அக்கா, அப்படியானால் முதல் வாரம் கதையை மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள், விளக்கத்தை அடுத்த வாரத்துக்கு வையுங்கள். அவர் உட்கார்ந்து பேசிய மாதிரிப் படகு காட்ட வேண்டுமானால், 1986-ல் வறட்சியில் ஏரி வற்றியபோது கினோசார் அருகே சேற்றிலிருந்து எடுத்த பழைய மரப்படகின் படம் எளிதில் கிடைக்கும். அந்தக் காலத்துப் படகுதான், எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம்.

ஆவடி_எஸ்தர்

கோபமெல்லாம் இல்லை ஐயா. இரண்டு வாரமாகப் பிரிப்பது நல்ல யோசனை. அக்கா, முதல் வாரம் பிள்ளைகளே அர்த்தம் சொல்லட்டும், என்ன சொன்னார்கள் என்று எழுதிவையுங்கள், எனக்கும் வேண்டும்.

மானாவாரி_முத்து, அம்பத்தூர்

வாசகன் சார், ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு பேசினோம், அந்த ஆள் விதைத்தது கோதுமையா, வேறு ஏதாவதா?

கீழ்ப்பாக்கம்_வாசகன்

கதையில் பெயர் இல்லை முத்து. கோதுமை அல்லது வாற்கோதுமை, இரண்டில் ஒன்று. வாற்கோதுமை மெலிந்த மண்ணிலும் வரும், முந்தியும் அறுப்புக்கு வரும், யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயத்தில். கோதுமை அதற்குச் சில வாரம் கழித்து, பெந்தெகொஸ்தே பண்டிகை வாக்கில். வெளிப்படுத்தல் 6-ல் ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை, அதே பணத்துக்கு மூன்றுபடி வாற்கோதுமை என்று விலை வருகிறது, அதனால் ஏழைகள் வீட்டு ரொட்டி பெரும்பாலும் வாற்கோதுமைதான். பாறைத் திட்டும் முள்ளும் கலந்த அந்த நிலத்தைப் பார்த்தால் நான் வாற்கோதுமை என்றுதான் சொல்வேன். அடித்துக் கேட்டால் மாற்றிக்கொள்வேன்.